வடலூர் முதல் நாகூர் வரை: கோயில்கள் நிறைந்திருக்கின்றன, சமயம் எங்கே?

ஞாயிறு, வடலூர்

இந்த வாரம் கடலூர் மாவட்டத்தில் தொடங்கி நாகப்பட்டினம் வரை போகிறேன். முடிந்தவரை அன்றன்றைக்கு இரவே எழுதிப் போட்டுவிடுவேன். வேண்டுதல் எதுவும் இல்லை. ஒரு கேள்விதான் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு எந்தக் கோயிலுக்குப் போனாலும் கூட்டம், பௌர்ணமி என்றால் திருவண்ணாமலையில் கால் வைக்க இடமில்லை, தெருவுக்கு நாலு பேர் மாலை போட்டிருக்கிறார்கள். நம் அப்பா அம்மா காலத்தைவிட பக்தி கூடித்தான் இருக்கிறது. ஆனால் அதே வீடுகளில் வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர், வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் சுற்றி வளைத்துச் சாதி விசாரணை. இத்தனை பக்தியும் பூஜை அறையை விட்டு வெளியே வராமல் எங்கே நின்றுபோகிறது?

இதை யோசிக்க வடலூரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. 1867 மே 23 அன்று வள்ளலார் இங்கே பசித்தவர்களுக்குச் சோறு போடும் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளில் தாது வருஷப் பஞ்சம் வந்தது, அதையும் தாண்டி எரிகிறது. இடம் கொடுத்தவர்கள் ராஜாவோ ஜமீனோ இல்லை. பார்வதிபுரத்துக் குடியானவர்கள் ஏறக்குறைய 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். அவர் கோயில் கட்டுவதற்கு முன்னால் அடுப்பைக் கட்டினார் என்பதை இன்றைக்குத் தருமச்சாலை வாசலில் நின்றபோது மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டேன். சத்திய ஞானசபை அதற்கப்புறம்தான் வந்தது, முதல் ஜோதி தரிசனம் 1872 தைப்பூசத்தில். பசித்தவனுக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்பது அவருக்கு அவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறது.

காலையிலேயே போய்விட்டதால் காய் நறுக்கும் இடத்தில் உட்காரச் சொன்னார்கள். பூசணிக்காய். பக்கத்து கிராமத்திலிருந்து வந்திருந்த ஐந்தாறு பெண்கள் அரிவாள்மனையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, பேச்சு நிற்காமல், அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு கத்தியைக் கொடுத்து விதை எடுக்கும் வேலையைத் தந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் களையெடுக்கப் போகிறவர், மாதத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இங்கே வந்துவிடுவாராம். "ஏன்க்கா, ஒரு நாள் கூலி போகுதே?" என்றேன். "சின்னப் புள்ளைல எங்கம்மா எங்களக் கூட்டிக்கிட்டு இங்கதான் வந்து சாப்ட்டுப் போகும் தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த பூசணியை எடுத்தார்.

பந்தியில் யாரையும் யாரும் எதுவும் கேட்பதில்லை. காவி கட்டியவர், பேருந்துக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பையன், புத்தி சுவாதீனம் இல்லாத ஒருவர், நான், எல்லோரும் வரிசையாகத் தரையில். அருட்பெருஞ்ஜோதி சொல்லி முடித்ததும் சோறு, சாம்பார், கூட்டு, அப்புறம் ரசம். புத்தி சுவாதீனம் இல்லாதவர் இரண்டு முறை இலையைத் தள்ளிவிட்டார். பரிமாறியவர் முகம் சுளிக்காமல் இரண்டு முறையும் இலையை நேராக்கிப் போட்டு, "சாப்புடுங்கய்யா" என்றார். அந்த 'ஐயா'வில் இருந்த மரியாதையை நான் பல பெரிய கோயில்களின் சிறப்பு வழி வரிசையில்கூடப் பார்த்ததில்லை.

சாப்பிட்டு வெளியே வந்தபோது காரில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. நன்றாக இருக்கிற குடும்பம், சென்னைப் பதிவெண். அந்த வீட்டு அம்மா தருமச்சாலையில் சேவை செய்யும் பெரியவரிடம், "ஐயா, இங்க எதுக்கு விசேஷம்? என்ன வேண்டிக்கணும்?" என்று கேட்டார். பெரியவர், "பசிக்குத்தாம்மா. உக்காந்து சாப்புடுங்க" என்றார். அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம், நேரமாகிவிட்டது என்று ஞானசபைப் பக்கம் போய்விட்டார்கள். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இந்தக் கோயில் கல்யாணத்துக்கு, அது கடனுக்கு, இது பிள்ளை வரத்துக்கு என்று நாம்தானே நாற்பது ஐம்பது வருடமாக அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். கடவுளிடம் போவது என்றாலே கேட்பதற்குத்தான் என்று ஆகிவிட்டது. கொடுப்பதற்கும் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஞானசபை எண்கோணக் கட்டடம். உள்ளே சிலை கிடையாது. ஏழு நிறத் திரைகள், அதற்கு அப்பால் கண்ணாடி, ஜோதி. மாதப் பூசத்தில் ஆறு திரை விலகும், தைப்பூசத்தில்தான் ஏழும். சாதி, சமயம், சடங்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்று சொன்னவர் எழுப்பிய இடம் இது. அந்த இடத்திலேயே பிற்காலத்தில் லிங்கத்தை வைத்துப் பூஜை நடந்தது. வள்ளலார் சொன்ன வழிபாட்டு முறைதான் இருக்க வேண்டும் என்று 2006இல் அறநிலையத்துறை உத்தரவு போட்டு, 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்த பிறகுதான் நின்றது. ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கக் கத்திச் சொன்னதை அவர் கட்டிய கட்டடத்துக்குள்ளேயே காப்பாற்ற நீதிமன்றம் போக வேண்டியிருந்தது என்றால் மற்ற இடங்களைப் பற்றி என்ன சொல்ல?

திங்கள், சிதம்பரம்

காலையில் வள்ளலார் கடைசியாக வாழ்ந்த மேட்டுக்குப்பம் சித்திவளாகம் பார்த்துவிட்டு மதியத்துக்குள் சிதம்பரம் வந்துவிட்டேன். வள்ளலார் பிறந்த மருதூர் இந்தப் பக்கம்தான், நேரமில்லாததால் போகவில்லை.

நடராஜர் சன்னிதியைப் பற்றி நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை. நான் நின்று யோசித்தது தேவாரத்தைப் பற்றி. மூவர் பாடிய ஏடுகள் இந்தக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன, ராஜராஜன் வந்து நம்பியாண்டார் நம்பியின் துணையோடு திறந்து பார்த்தபோது பாதிக்கு மேல் கரையான் தின்றிருந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்தத் தேவாரத்தை அதே கோயிலில், திருச்சிற்றம்பல மேடையில் ஏறிப் பாட ஆறுமுகசாமி என்ற முதிய ஓதுவார் எத்தனை ஆண்டுகள் போராடினார் என்பது பலருக்கு நினைவிருக்கும். 2008இல் அரசாணை வந்து, போலீஸ் பாதுகாப்போடுதான் பாட முடிந்தது. நடராஜர் சன்னிதிக்கு முன்னால் இருக்கும் கனகசபையில் ஏறி வழிபடும் தகராறு 2022இல் மறுபடி அரசாணைவரை போனது. யார் பக்கம் சட்டம் என்பதை வக்கீல்கள் பேசட்டும். கடவுளைப் பாடுவதற்கு போலீஸ் நிற்க வேண்டிய நிலை வந்ததே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தத் தேவாரம் பாடியவர்களில் அப்பர் கையில் எப்போதும் உழவாரம் இருக்கும். கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கிய மனிதர் அவர். கங்கையில் குளித்தால் என்ன, காவிரியில் குளித்தால் என்ன, ஈசன் எங்கும் இருக்கிறான் என்று உணராதவனுக்கு ஒன்றும் கிடையாது என்று பாடிவிட்டுப் போனார். திருமூலர் இன்னும் ஒரு படி மேலே போனார். கோயிலில் இருக்கும் கடவுளுக்கு நீ கொடுப்பது, நடமாடும் கோயிலான மனிதனுக்குப் போய்ச் சேராது, ஆனால் மனிதனுக்குக் கொடுத்தால் அது கடவுளுக்குப் போய்ச் சேரும் என்றார். இதைவிட வெளிப்படையாக ஒருவர் எப்படிச் சொல்வது? நம் முன்னோர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று நாம் தப்பிக்க முடியாது. பாட்டெல்லாம் நம்மிடம் இருக்கிறது, சதுர்த்திக்கும் பிரதோஷத்துக்கும் ஒலிபெருக்கியில் போடுகிறோம், அது நம்மைப் பார்த்துச் சொன்ன பேச்சு என்பதை மட்டும் விட்டுவிட்டோம்.

செவ்வாய், வைத்தீஸ்வரன் கோயில், திருப்புன்கூர்

வைத்தீஸ்வரன் கோயில் அங்காரகன் தலம் என்பதால் செவ்வாய்க்கிழமை நெரிசல் இருக்கும் என்று தெரிந்தேதான் வந்தேன். ஸ்டேஷனிலிருந்து கோயில்வரை பார்க்கிற பக்கமெல்லாம் நாடி ஜோதிடப் பலகைகள். ஆணுக்கு வலது கட்டைவிரல், பெண்ணுக்கு இடது, ரேகையைக் கொடுத்துவிட்டு ஏடு கிடைக்கும்வரை திண்ணையில் காத்திருக்கிறார்கள். கோயிலுக்குள் கொடிமரத்துப் பக்கம் உப்பும் மிளகும் கொட்டுகிறார்கள், குளத்தில் வெல்லம் கரைக்கிறார்கள், திருச்சாந்து உருண்டை வாங்கி முடிந்துகொள்கிறார்கள்.

குளத்துப் படியில் ஒரு அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள், சேலம் பக்கம். மகளுக்கு 34 வயது, வங்கியில் வேலை, செவ்வாய் தோஷம் என்று வந்த வரன் எல்லாம் தட்டிப்போகிறது. இதற்கு முன் எங்கெங்கே போனோம் என்று அம்மா சொல்லிக்கொண்டே போனார், மகள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அர்ச்சனைத் தட்டு வாங்க எழுந்து போனதும் அந்தப் பெண் என்னிடம், "அண்ணா, போன வாரம் வந்த பையனோட அம்மாவும் எங்களை மாதிரியேதான், வாரா வாரம் கோயிலுக்குப் போறவங்க. அவங்கதான் வேணாம்னுட்டாங்க" என்றாள்.

எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பஸ் ஏறிய பிறகும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கஷ்டத்தோடு கோயிலுக்கு வருகிறவர்களை நான் ஒருநாளும் கேலி செய்ய மாட்டேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் எந்தப் படியிலும் விழுந்து கும்பிடுவோம், அது மனித இயல்பு. நான் சொல்வது வேறு. இந்தப் பெண்ணின் கஷ்டத்தைச் செவ்வாய் கிரகம் கொண்டுவரவில்லை. ஒரு பெண்ணை ஜாதகக் கட்டத்தில் வைத்துப் பார்த்து வேண்டாம் என்று ஒதுக்கும் நம் வீடுகள் கொண்டுவந்தன. ஒதுக்குகிறவர்களும் பக்தர்கள், ஒதுக்கப்பட்டவர்களும் பக்தர்கள். ஒரே சன்னிதியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கும்பிடுகிறார்கள். 'அந்தப் பெண்ணுக்கு நாம் ஏன் மறுத்தோம்' என்ற கேள்வி அந்த வரிசையில் ஒருவருக்கும் வருவதில்லை. சமயம் ஒரு மனிதனை அந்தக் கேள்விக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தவில்லை என்றால் அது அவனுக்குள் என்னதான் செய்கிறது?

மேற்கே 3 கிலோமீட்டர் போனால் திருப்புன்கூர். ஆட்டோவில் போனேன். வைத்தீஸ்வரன் கோயிலில் பார்த்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, நான் போனபோது என்னையும் சேர்த்து மூன்று நான்கு பேர். நந்தனாருக்காக நந்தி விலகிய ஊர் இது. சேக்கிழார் சொல்கிற கதையில் எனக்கு எப்போதும் வலிக்கும் இடம் ஒன்று உண்டு. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த அந்த மனிதர் சிவன் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அர்ச்சனைக்குக் கோரோசனையும் தவறாமல் கொடுத்துவந்தார். அவர் கொடுத்த தோலில் எழுந்த ஓசை கருவறைவரை போகும், அவர் போக முடியாது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தவருக்கு நந்தி மறைத்தது, சிவலோகநாதர் நந்தியை விலகச் சொன்னார்.

இங்கே நந்தி நேர்க்கோட்டில் இல்லை, ஒதுங்கித்தான் இருக்கிறது. அவர் நின்றிருக்கக்கூடிய தூரத்துக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். அந்தத் தொலைவிலிருந்து லிங்கத்தின் வடிவம் தெரியாது, விளக்கு தெரியும், அதைச் சுற்றிக் கொஞ்சம் இருட்டு தெரியும், அவ்வளவுதான். அந்த அளவு பார்ப்பதற்குத்தான் ஒரு மனிதர் அத்தனை நாள் ஏங்கியிருக்கிறார். மெய்க்காவலரிடம் பேச்சுக் கொடுத்தேன். "பரிகாரம் முடிச்சிட்டு கார்ல வர்றவங்க ஒரு பத்து நிமிஷம் நிப்பாங்க சார். நந்தி நவுந்தது எதுக்குன்னு சில பேருக்குத் தெரியும், மத்தவங்க போட்டோ எடுக்கலாமான்னு கேப்பாங்க" என்றார்.

கதையில் கடவுள் யார் பக்கம் நின்றார் என்பதில் சந்தேகமே இல்லை. வெளியே நிறுத்தப்பட்டவனுக்காகத் தன் வாகனத்தையே நகர்த்தினார். அப்படியானால் அவரைக் கும்பிடுகிறவன் யார் பக்கம் நிற்க வேண்டும்? 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களோடு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனாரே, அவர் இந்தக் கதையைச் சரியாகப் படித்தவர். அதற்கு 84 ஆண்டு கழித்து, 2023 ஜூனில், விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் பட்டியல் சமூகத்தினர் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் வரக் கூடாது என்று தகராறு முற்றி, கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அம்மன் பூட்டிக் கிடந்தாலும் பரவாயில்லை, இவன் உள்ளே வந்துவிடக் கூடாது என்று நினைக்கிற மனதுக்குப் பக்தி என்று பெயர் வைக்க என்னால் முடியாது. அங்கே காக்கப்பட்டது சாதி. அம்மன் வெறும் சாக்கு.

இரவு மயிலாடுதுறையில் தங்கல். தூக்கம் வரவில்லை, அதனால்தான் இன்றைக்கு இவ்வளவு நீளம்.

புதன், திருக்கடையூர்

இன்று சுருக்கமாக. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று ஒரே நேரத்தில் வரிசையாக ஹோமம். கலசம், மாலை, சாப்பாடு, அறை, வீடியோ எல்லாம் சேர்த்து ஒரே தொகையில் பேசி முடிக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு எண்பது வயதுத் தம்பதிக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. தாத்தாவுக்குக் குளிரில் உதறல், துண்டு கேட்கிறார், வீடியோக்காரர் "ஒரு நிமிஷம் தாத்தா, இங்க பாருங்க" என்கிறார், மகன் வீடியோக்காரர் பக்கம் நிற்கிறார். பேத்தி ஒருத்தி, பத்து வயது இருக்கும், யாரிடமும் கேட்காமல் ஓடிப்போய்த் துண்டைப் போர்த்திவிட்டாள். இன்றைக்கு நான் பார்த்த வழிபாடு அது.

வியாழன், நாகூர்

காரைக்கால் தாண்டியதும் நாகூர் தர்காவின் மினாராக்கள் தெரிய ஆரம்பித்துவிடும். ஐந்தில் உயரமானது, 131 அடி, தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங் கட்டிக் கொடுத்தது. வியாழன் இரவு என்பதால் நல்ல கூட்டம், அதில் பொட்டு வைத்த பெண்கள் பாதிக்கு மேல் இருப்பார்கள். வெள்ளித் தகட்டில் கண், கை, கால் என்று வாங்கிப் போடுகிறார்கள், குளத்தில் குளித்து மொட்டை அடிக்கிறார்கள். இங்கேயும் வேண்டுதல்தான், கேட்பதுதான். ஆனால் இங்கே ஒன்றைக் கவனித்தேன், வரிசையில் யாரும் யாரையும் 'நீ யார்' என்று பார்க்கவில்லை.

புறாக்களுக்குத் தானியம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். நாகப்பட்டினத்து மீனவர் தெரு, எழுபதைத் தொட்ட வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வியாழக்கிழமை தவறியதில்லையாம். பேச்சு சுனாமிக்குப் போனது, இந்தக் கரையில் யாரிடம் பேசினாலும் போகும். 2004 டிசம்பர் 26, வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கூட்டம், நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த அம்மாவின் தங்கை குடும்பமும் அதில் போயிற்று. "மூணு நாளு எங்களுக்குச் சோறு போட்டது பாய் வூட்டு ஆளுங்கதான் தம்பி. நீ என்ன சாதி, என்ன சாமின்னு ஒருத்தர் கேக்கல" என்றார். வடக்கே பரங்கிப்பேட்டையிலும் இதே கதைதான். அங்கே ஜமாஅத்தார் கடலோர மீனவக் குடும்பங்களுக்கு வாரக்கணக்கில் சமைத்துப் போட்டதை அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா குரலைத் தாழ்த்தி வேறொன்று சொன்னார். பேரன் இப்போது கல்லூரி. போனில் என்னென்னவோ பார்க்கிறானாம். போன மாதம், "ஆயா, நாம எதுக்கு அங்கல்லாம் போவணும், நம்ம சாமி இல்லையா?" என்று கேட்டிருக்கிறான். இவர், "நீ பொறந்தப்ப மூச்சு இல்லாம இருந்தியே, உங்கம்மா எஜமான் வாசல்லதான்டா உன்னக் கொண்டாந்து போட்டா" என்றாராம். எஜமான் என்பது தர்காவின் நாகூர் ஆண்டவரை. அவன் அதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லியிருந்தால்கூட எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். அவன் அப்படிச் சொல்லவில்லை, "அவங்க நம்ம ஆளுங்க கோயிலுக்கு வருவாங்களா?" என்று கேட்டிருக்கிறான்.

அவன் கோயிலுக்கே போவதில்லையாம், விரதம் கிடையாது, ஒரு பதிகம் தெரியாது. ஆனால் யார் நம் ஆள், யார் நம் ஆள் இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. இந்த வாரம் முழுக்கப் பார்த்ததில் எனக்கு அதிகம் பயம் தந்தது இதுதான். பரிகாரம் செய்கிறவனிடமாவது 'எனக்கு மேலே ஒருவன் இருக்கிறான்' என்ற பணிவு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இந்தப் பையனைப் போன்றவர்களிடம் சாமியும் இல்லை, பணிவும் இல்லை, கொடி மட்டும் இருக்கிறது. எல்லா மதத்திலும் இப்படி ஒரு தலைமுறை போன் திரைக்குள் வளர்ந்துகொண்டிருக்கிறது, பெரியவர்கள் நாம் அதை மதப்பற்று என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

அவனைக் கூட்டிவாருங்கள் என்றேன் அந்த அம்மாவிடம். திட்டாதீர்கள், வாதாடாதீர்கள், ஒரு வியாழக்கிழமை கூட்டிவந்து, சுனாமிக்கு உங்களுக்குச் சோறு போட்டவர்கள் வீட்டுக்கு அழைத்துப்போய், இவன்தான் என் பேரன் என்று அறிமுகம் செய்யுங்கள் என்றேன். "வருவானா தம்பி?" என்றார். தெரியவில்லை. ஆனால் பதினெட்டு வயதில் ஒரு வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டைப் பற்றிக் கண்டதை நம்புவது அவ்வளவு சுலபம் இல்லை. அடுத்த வாரமே கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்துகொண்டார்.